வயிறு, ஈரல் டாக்டராக வர நினைக்கும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு

நாமக்கல், ராசிபுரம், பெருந்துறை, கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. எம்.பி.பி.எஸ். முடிக்கும் தறுவாயில் அவர்கள் எல்லோரிடமும் இருப்பது ஒரே கேள்வி: அடுத்து எந்தப் பக்கம் போவது? இதய டாக்டர், நரம்பு டாக்டர் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏதோ புரிகிறது. வயிறு, ஈரல் பார்க்கும் மெடிக்கல் காஸ்ட்ரோ என்றதும், "குழாய் விட்டுப் பார்க்கிறவர்தானுங்களே" என்பதோடு பேச்சு நின்றுபோகிறது. நான் இந்தத் துறையில் கன்சல்டன்டாக வேலை பார்க்கிறேன். புதிதாக வர நினைப்பவர்கள் எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதை என்னால் முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. குழாயை உள்ளே விடக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் போதும். யாருக்கு விட வேண்டும், யாருக்கு விடக்கூடாது, உள்ளே பார்த்ததை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மீதி ஆண்டுகள் எல்லாம் போகின்றன. இது பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

என்னென்ன பார்ப்போம்

உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, பித்தக்குழாய், கணையம். இவற்றின் நோய்களை மருந்தாலும், குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியாலும் பார்ப்பவர் மெடிக்கல் காஸ்ட்ரோஎன்டராலஜிஸ்ட். இதே உறுப்புகளில் அறுவை செய்பவர் சர்ஜிக்கல் காஸ்ட்ரோ, அவர் எம்.எஸ். பொது அறுவை முடித்து, அதற்கு மேல் எம்.சிஎச். படித்தவர். இரண்டும் வேறு வேறு பாதை, நடுவில் மாற முடியாது. கத்தி பிடிக்க ஆசை இருந்தால் எம்.பி.பி.எஸ். முடிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். நம் ஊரில் அதற்கு முன்னுதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. லேப்பராஸ்கோபி அறுவையில் கோவைக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த டாக்டர் சி. பழனிவேலு சர்ஜிக்கல் காஸ்ட்ரோதான். கல்லீரலுக்கு மட்டும் என்று ஹெப்பட்டாலஜியில், எம்.டி.க்கு மேல் படிக்கும் தனி டி.எம். படிப்பும் இப்போது இருக்கிறது.

படிப்பின் வரிசை

பிளஸ் டூ, நீட், அப்புறம் எம்.பி.பி.எஸ். இதில் நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தியூர், தாராபுரம் பக்கத்துப் பெற்றோர் சிலருக்கு இன்னும் இது தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன்.

கல்லூரிக்காகச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கோவை மருத்துவக் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது. போக்குவரத்துத் தொழிலாளர்களின் பணத்தில் பெருந்துறையில் எழுந்த கல்லூரி இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. கரூரில் 2019-லும், திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022-லும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. எம்.பி.பி.எஸ்.ஸைப் பொறுத்தவரை எந்தக் கல்லூரி என்பதைவிட, அங்கே வார்டில் எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்குக் குறைவே இல்லை.

அடுத்து நீட் பி.ஜி. எழுதி எம்.டி. பொது மருத்துவம், 3 ஆண்டு. எம்.டி.க்கு இணையான டி.என்.பி. வழியாகவும் வரலாம். அதன் பின் நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். மெடிக்கல் காஸ்ட்ரோஎன்டராலஜி, இன்னொரு 3 ஆண்டு. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு. கூட்டினால் பதினொன்றரை ஆண்டு வரும். இடையில் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கும் காலத்தையும் சேர்த்தால், கையில் டி.எம். வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கூடப் படித்த இன்ஜினியர் அதற்குள் வீடு கட்டிக் குடிபோயிருப்பார். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. முக்கியமாகக் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளில்.

பணம் ஒரு கவலை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மேற்படிப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. சம்பளமும் வரும், கிராமத்து நோயாளிகளிடம் பேசும் பழக்கமும் வரும். அரசு இடத்தில் டி.எம். படித்தால் முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் அரசுக்கு வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கையெழுத்துப் போடும் முன் முழுதும் படியுங்கள்.

நீட் எஸ்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. காஸ்ட்ரோதான் வேண்டும் என்று அதை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். பொது மருத்துவப் பிரிவினர் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான். இதயம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் வரும். காஸ்ட்ரோ இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகிற இடங்கள் என்பதால் நல்ல ரேங்க் இல்லாமல் நுழைவது கடினம்.

எம்.டி. ஆண்டுகளை வீணாக்காதீர்கள்

காஸ்ட்ரோவுக்குப் போவதாக முடிவு செய்தவர்கள் எம்.டி. வார்டை ஒரு காத்திருப்பு அறை போல நினைத்துவிடுவது உண்டு. அது பெரிய நஷ்டம். எங்கள் நோயாளிக்கு வயிறு மட்டும் கெட்டிருப்பது அபூர்வம். சர்க்கரை இருக்கும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், சிறுநீரகம் பாதி போயிருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயது விவசாயி வருகிறார். "சென்னிமலை படி ஏறும்போது நெஞ்சுல ஒரு கரிப்புங்க. செத்த நேரம் உக்காந்து ஏப்பம் விட்டா செரியாப் போயிருதுங்க. கேஸ்தானுங்க, ஒரு குழாய் விட்டுப் பாத்துருங்க" என்கிறார். நடந்தால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. இவருக்கு முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி., பார்க்க வேண்டியது இதய டாக்டர். அந்த ஒரு வரியில் காது நின்றால் ஓர் உயிர் தப்பும். இதைக் கற்றுக்கொடுப்பது எண்டோஸ்கோபி அறை அல்ல, பொது மருத்துவ வார்டு.

டி.எம்.: கை பழகும் காலம்

முதல் ஆண்டில் கையில் ஸ்கோப் கிடைக்கும். இரைப்பையைப் பார்க்கும் குழாய் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், சுண்டு விரல் பருமன். இடது கையில் அதன் தலைப் பகுதி உட்காரும். பெரிய சக்கரத்தைக் கட்டை விரலால் உருட்டினால் நுனி மேலும் கீழும் போகும், சின்னச் சக்கரம் இடமும் வலமும். ஆள்காட்டி விரலும் நடு விரலும் இரண்டு பொத்தான்கள் மேல் இருக்கும்: ஒன்று காற்றும் தண்ணீரும் விட, இன்னொன்று உறிஞ்சி எடுக்க. வலது கை குழாயைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும், முறுக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் சக்கரத்தையே உருட்டிக்கொண்டிருப்பார்கள். கை பழகியவர் மணிக்கட்டை லேசாக முறுக்கியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவார். சீனியர் செய்யும்போது திரையை மட்டும் பார்க்காமல் அவர் கையையும் பாருங்கள்.

பெருங்குடல் பார்ப்பது வேறு விதமான வேலை. தள்ளத் தள்ள குடல் வளையம் போடும், நோயாளி வலியில் முனகுவார், நுனி அங்கேயே நிற்கும். பின்னால் இழுத்து, வளையத்தை அவிழ்த்து, பாவாடைக்குள் நாடாக் கோர்ப்பது போலக் குடலைக் குழாயின் மேல் சுருக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே போய்ச் சேர்வது பாதி வேலைதான். நோயைக் கண்டுபிடிப்பது திரும்பி வரும்போது. வெளியே எடுக்கும் நேரம் குறைந்தது 6 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு, இப்போது 8 நிமிடம் என்கிறார்கள். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தாலும் அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி ஒன்றை இன்று விட்டால், சில ஆண்டு கழித்து அது புற்றாக வந்து நிற்கலாம்.

அப்புறம் ரத்த வாந்தி. டி.எம். காலத்தில் உங்களை உருவாக்கப்போவது இந்த இரவுகள்தான். ஈரல் சுருங்கிப்போனவருக்கு உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் புடைத்து வெடித்து, வாளி நிறைய ரத்த வாந்தி எடுத்த நிலையில் வருவார்கள். பதற்றத்தில் உடனே ஸ்கோப்பைத் தூக்கத் தோன்றும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வரிசையாக இருக்கிறது: மருந்தும் ரத்தமும் ஏற்ற நரம்பில் இரண்டு பெரிய ஊசி, ரத்த அழுத்தத்தை நிலைப்படுத்துவது, மூச்சுப் பாதையைக் காப்பது, ரத்தக் கசிவைக் குறைக்கும் டெர்லிப்ரெஸின் போன்ற மருந்து, ஆன்டிபயாடிக். ரத்தம் ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஏற்றி, 7-க்கும் 8-க்கும் நடுவில் வைத்தால் போதும். தாராளமாக ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடியும் வெடிக்கும். நிலைப்படுத்திய பிறகு, 12 மணி நேரத்துக்குள் ஸ்கோப் போட்டு, புடைத்த இடங்களை உறிஞ்சி ரப்பர் பேண்ட் மாட்டுவோம். பேண்ட் இறுகி ரத்தம் நிற்பதைத் திரையில் பார்க்கும் அந்த நொடிக்காகவே இந்தத் துறைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவர்தான்.

வேறு சில அவசரங்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால் 2 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் குழாயை ஓட்டை போட்டுவிடும். விழுங்கியது காசு என்றால், குழந்தை எச்சில் விழுங்கிக்கொண்டு நன்றாக இருந்தால் சில மணி நேரம் பொறுக்கலாம்.

மூன்றாம் ஆண்டில், ஸ்கோப் வழியாகப் பித்தக்குழாய்க்குள் போகும் இ.ஆர்.சி.பி. பழக ஆரம்பிப்பீர்கள். பித்தக்குழாய்க் கல்லை எடுப்பது, அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பது எல்லாம் இதில் வரும். எங்கள் துறையிலேயே அதிக ஆபத்துள்ள வேலை இதுதான். கணையம் வீங்கி நோயாளி படுக்கையில் விழும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. அதனால் "சும்மா உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்" என்று இ.ஆர்.சி.பி. செய்யவே கூடாது. பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் இருக்கிறது. டி.எம். முடித்த உடனேயே தனியாக இ.ஆர்.சி.பி. செய்யும் தைரியம் எல்லோருக்கும் வந்துவிடாது, வர வேண்டியதும் இல்லை. ஓராண்டு ஃபெல்லோஷிப் போய்க் கையைத் திருத்திக்கொண்டு வாருங்கள். ஸ்கோப்பின் நுனியிலிருந்தே ஸ்கேன் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டுக்கும் இதேதான்.

நோயாளி சொல்வதைக் கேட்பது

புற நோயாளிப் பிரிவில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கோப்பில் எதுவும் தெரியாது. குடல் நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேலை செய்யும் விதத்தில் கோளாறு. அவர்களுக்கு மருந்தைவிட உங்கள் நேரம்தான் தேவை.

நம் பக்கத்து ஆட்கள் மரியாதையாக, சுற்றி வளைத்துப் பேசுவார்கள். "வவுறு ஒரு மாதிரி பொருமிக்கிட்டே இருக்குதுங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சு, நாலாவது கேள்வியில்தான் "ரெண்டு மாசமா எளச்சுட்டே போறனுங்க" என்று முடியும். மலம் பற்றிக் கேட்டால் பெண்கள் வெட்கப்பட்டு, "எல்லாஞ் செரியாத்தான் போவுதுங்க அம்முணி" என்று முடித்துவிடுவார்கள். "கருப்பாப் போகுதுங்களா? தார் மாதிரி பிசுபிசுன்னு இருக்குதுங்களா? சத்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும், அல்சரில் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். உடன் வந்தவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னால் பல விஷயங்கள் வெளியே வரும். குடி அதில் முதலாவது.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்குப் புரோட்டா சாப்பிட்டு, அப்படியே படுப்பவருக்கு நெஞ்சு எரியாமல் வேறென்ன செய்யும்? அவருக்கு மாத்திரை எழுதும் முன், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 2, 3 மணி நேரம் எப்படிக் கிடைக்கும் என்று அவரோடு சேர்ந்து யோசியுங்கள். பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக்காரர்களிடம் தவறாமல் கேட்க வேண்டியது, "கடையில செட் மாத்திரை வாங்கிச் சாப்பிடுறீங்களா?" என்பது. இடுப்பு வலிக்கு, முட்டி வலிக்கு மெடிக்கலில் பிரித்துக் கொடுக்கும் அந்தச் செட்டில் பெரும்பாலும் வலி மாத்திரை ஒன்று இருக்கும். அதுவே அல்சருக்குப் போதும்.

அல்சருக்கு இன்னொரு காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியைப் பிடித்தார்கள். மார்ஷல் தானே அதைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் செய்யும் பரிசோதனைகளில் இந்தக் கிருமி சரியாகத் தெரிய வேண்டுமென்றால், அமில மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். வருகிறவர் எல்லோரும் ஏற்கனவே காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கேட்காமல் பரிசோதனை செய்தால் "இல்லை" என்று பொய்யான பதில் வரும்.

இன்னொன்று. திருப்பூரிலோ பெருந்துறை சிப்காட் பக்கமோ வேலை பார்ப்பதாக இருந்தால் ஹிந்தி கற்றுக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளி தன் வலியைச் சொல்ல ஆள் இல்லாமல் தவிப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

குடல் சுத்தம் செய்யும் தாளை நீங்களே எழுதுங்கள்

பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் அச்சடித்த தாளில் டோஸ்ட், கிளியர் சூப், ஆப்பிள் ஜூஸ் என்று இருக்கும். காங்கேயம் பக்கத்து அப்பாருக்கு இதில் எது வீட்டில் இருக்கிறது? நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்து எழுதிக் கொடுங்கள். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கம்பு, ராகி, கொள்ளு, கொய்யா, தக்காளி வேண்டாம். இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் சாப்பிடலாம். முதல் நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் விடாத வரக்காப்பி மட்டும். பீட்ரூட், சிவப்பு நிற ஜூஸ் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு இளநீர் அளவையும், மாத்திரை இன்சுலின் அளவையும் தனியாக எழுத வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு தாளிலிருந்து இளநீரையே அடித்துவிடுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

பேதி மருந்தை முழுவதும் முதல் நாள் இரவே குடிக்கச் சொல்லாமல், பாதியை இரவிலும் மீதியை மறுநாள் அதிகாலையிலும் குடிக்கச் சொன்னால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியாகப் போவது வெறும் மஞ்சள் தண்ணீராக இருந்தால் தயார் என்று அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை மட்டும் அவர்களாக நிறுத்தக்கூடாது என்று தாளில் பெரிதாக எழுதிவிடுங்கள். இதய டாக்டரிடம் நீங்களே பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

இந்தப் பக்கத்தில் தெரிந்திருக்க வேண்டிய சில நோய்கள்

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து கோவைக்கு வரும் நோயாளிகள் நிறைய. சின்ன வயதிலிருந்து வயிற்று வலி, இருபது வயதுக்குள் சர்க்கரை, ஸ்கேனில் கணையக் குழாய்க்குள் பெரிய பெரிய கற்கள். குடிப் பழக்கமே இருக்காது. இது வெப்பமண்டலக் கணைய அழற்சி, கேரளத்தில் நெடுங்காலமாக ஆராயப்பட்டது. செரிமானத்துக்கான என்சைம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைத்து, அதிர்வலையால் கல்லை உடைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இந்தப் பிள்ளைகள் நன்றாக வாழ்வார்கள்.

குடல் காசநோயும், கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் ஸ்கோப்பில் ஒன்று போலவே இருக்கும். ஆனால் கிரோனுக்குக் கொடுக்கும் மருந்து காசநோயை மோசமாக்கும். காசநோயை கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவும். பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தும் தெளிவு வரவில்லையென்றால், முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது நம் நாட்டில் வழக்கம்.

மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை குடித்துவிட்டு வருபவர்களைத் திட்டாதீர்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும், அதனால் மருந்து கேட்டது போலத் தோன்றும். ஆனால் பித்தக்குழாய் அடைப்பால் வந்த காமாலையில் அப்படிப் போகும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். என்ன இலை, எத்தனை நாள் என்று அன்பாகக் கேட்டால் சொல்வார்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

எலி பேஸ்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் அசட்டை கூடாது. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைத் தாக்கும். தவறி வாயில் பட்ட குழந்தையோ, மனம் உடைந்த பெரியவரோ, முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஈரல் மாற்று வசதி உள்ள மையத்தோடு அன்றே பேசிவிடுங்கள். கோவையிலேயே அந்த வசதி இருக்கிறது. பிழைத்து எழுந்தவருக்கு மனநல மருத்துவரின் உதவி கட்டாயம் வேண்டும். வீட்டுக்காரர்களிடம் 104, 14416 உதவி எண்களை எழுதிக் கொடுங்கள்.

வேலைக்குச் சேரும் முன்

டி.எம். முடிந்ததும் முதல் வேலை, கூடுதல் தகுதியைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வது. அப்புறம் ஆஸ்பத்திரி தேடல். ஜூனியர் கன்சல்டன்டாகச் சீனியர் ஒருவரின் கீழே கோவையில் சேர்வதா, ஈரோடு, கரூர், பொள்ளாச்சி போன்ற ஊரில் தனி ஆளாக ஆரம்பிப்பதா? என்னைக் கேட்டால், முதல் இரண்டு ஆண்டு சீனியர் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பது நல்லது. சிக்கலான நேரத்தில் "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

சம்பளம் எவ்வளவு, மினிமம் கேரண்டி எத்தனை மாதம் என்று எல்லோரும் கேட்பார்கள். அதோடு இதையும் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு மயக்க டாக்டர் வருவாரா? ரத்த வங்கி எவ்வளவு தூரம்? குடலில் ஓட்டை விழுந்தால் அறுவை செய்ய யார் இருக்கிறார்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா? ஏழை நோயாளிக்குப் பெரிய சிகிச்சை சொல்லும்போது அந்த அட்டை இல்லாமல் நீங்கள் வாய் திறக்க முடியாது.

எண்டோஸ்கோபி அறையை நேரில் போய்ப் பாருங்கள். ஒருவருக்குப் போட்ட ஸ்கோப்பை அடுத்தவருக்குப் போடும் முன் என்ன செய்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள். எடுத்த உடனே துடைத்து உறிஞ்ச வேண்டும், உள் துளைகளைப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினியில் குறித்த நேரம் ஊற வேண்டும், அலசி, உலர்த்தி, செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். பிரஷ் போடாமல் நேரே மருந்தில் முக்கினால் பயனில்லை. இதைச் செய்யும் டெக்னீஷியன்தான் உங்கள் பெயரைக் காப்பாற்றுபவர். அவரிடம் மரியாதையாக இருங்கள், அவர் ஓய்வு இல்லாமல் ஓடுகிறாரா என்றும் பாருங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஸ்கோப் பிடிப்பவர்களுக்கு இடது கட்டை விரல், கழுத்து, தோள் வலி சர்வ சாதாரணம். திரையைக் கண்ணுக்கு நேராகவும் கட்டிலை முழங்கை உயரத்திலும் வைத்தால் பாதி வலி வராது. ஸ்கோப்பின் தலைப் பகுதி பெரிய கைகளுக்கு ஏற்றாற்போல் செய்யப்பட்டது என்பதால் கை சின்னதாக உள்ள பெண் டாக்டர்களுக்குச் சிரமம் கூடுதல். ஆனால் அது இந்தத் துறையை விட்டு ஒதுங்கக் காரணமே இல்லை. மலம், மூலம் பற்றிப் பெண் டாக்டரிடம்தான் பேச முடியும் என்று வரும் அம்மாக்கள் எத்தனையோ பேர். நம் பக்கத்தில் பெண் காஸ்ட்ரோ டாக்டர்கள் இன்னும் நிறைய வேண்டும்.

குடும்ப டாக்டரும் நீங்களும்

கோபியிலும் சத்தியமங்கலத்திலும் உடுமலையிலும் முப்பது நாற்பது ஆண்டாக ஒரே கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள்தான் உங்களுக்கு நோயாளியை அனுப்பப்போகிறவர்கள். அனுப்புவதற்குப் பணம் கொடுக்கும் பழக்கத்துக்குள் போகாதீர்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகளே அதைத் தடை செய்கின்றன. அது மட்டுமல்ல, அந்தப் பணத்தை ஈடுகட்டத் தேவையில்லாத ஸ்கோப் ஒன்று போட வேண்டிவரும். பணத்துக்குப் பதில் அவர்களுக்கு நீங்கள் தர வேண்டியது ஒரு கடிதம்: என்ன பார்த்தேன், என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது திருப்பி அனுப்ப வேண்டும். நாலு வரி போதும். முடிந்தால் ஒரு போன்.

கடைசியாக, பயாப்சி எடுத்த எல்லோரையும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். பெயர், ஊர், இரண்டு போன் நம்பர், எடுத்த தேதி, ரிப்போர்ட் வந்த தேதி, நோயாளியிடம் அதைச் சொன்ன தேதி. வலி குறைந்துவிட்டால் ரிப்போர்ட் வாங்கவே வராதவர்கள் இருக்கிறார்கள். அறுவடை, பண்ணாரியம்மன் குண்டம், கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி என்று காரணம் எதுவாகவும் இருக்கும். அதற்குள் புற்றுநோய் என்று எழுதிய தாள் லேபில் கிடக்கும். வாரம் ஒரு நாள் அந்த நோட்டைத் திறந்து, கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் பெயர்களை நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அவரை அனுப்பிய குடும்ப டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த ஊரில் அவருக்கு வீடு தெரிந்திருக்கும்.